தொட்டிக்குத் தகுந்தபடிதான் மீன் வளருமா?

மீன் வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இந்த வாக்கியம் வந்துவிடும்: “மீன் தொட்டிக்குத் தகுந்த அளவுதான் வளரும், கவலைப்படாதீங்க.” விற்பவரும் சொல்வார், வாங்கியவரும் சொல்வார். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. இரண்டடித் தொட்டியில் ஒரு வருடமாக இருக்கும் மீன் கையளவைத் தாண்டாமல் நிற்பதை நாமே கண்ணால் பார்க்கிறோம் அல்லவா?

கண்ணால் பார்ப்பது உண்மைதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. அந்தக் காரணத்தை நம்பித்தான் அடி நீளத்துக்கு வளர வேண்டிய மீன்களைச் சின்னத் தொட்டியில் விடுகிறோம். ஓரிரு வருடத்தில் அவை செத்துப்போனால் “இந்த ஜாதி மீனே அப்படித்தான்” என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம். உதாரணத்துக்கு ஆஸ்கார் மீனை எடுத்துக்கொள்கிறேன். பெரிய மீன் வளர்க்க ஆசைப்படும் பலர் முதலில் வாங்குவது அதைத்தான்.

ஆஸ்கார் எப்படிப்பட்ட மீன்

தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகைதான் இதன் சொந்த ஊர். வேகமாக ஓடும் தண்ணீரை விட, மெதுவாக நகரும் கிளை ஆறுகளும் வெள்ளம் தேங்கும் காட்டுப் பகுதிகளும் இதற்குப் பிடிக்கும். 1831-இல் லூயி அகாசி என்ற விலங்கியலாளர் இதை முதன்முதலில் விவரித்தபோது கடல் மீன் என்றே தவறாக எண்ணியிருந்தார். வால் தொடங்கும் இடத்தில் ஆரஞ்சு வளையம் போட்ட கரும்புள்ளி ஒன்று இருக்கும். பார்க்க ஒரு கண் மாதிரியே இருக்கும். துடுப்பைக் கடிக்க வரும் பிரானா மீன்களுக்கு எது தலை, எது வால் என்ற குழப்பத்தை அது உண்டாக்குவதாகச் சொல்கிறார்கள்.

கடையில் இருக்கும் ஆஸ்கார் குஞ்சு நான்கைந்து செ.மீ. நீளம்தான். கறுப்பில் வெள்ளைக் கோடுகள் நெளிய, துறுதுறுவென்று நீந்தும். அதுவே நல்ல பராமரிப்பில் ஒரு வருடத்துக்குள் 20 முதல் 25 செ.மீ. வரை வந்துவிடும். முழு வளர்ச்சியில் 30 முதல் 35 செ.மீ. ஆயுள் 10 முதல் 15 வருடம். வளர்ப்பவரை அடையாளம் கண்டு கண்ணாடி ஓரம் ஓடிவரும், உணவு நேரத்தைத் தெரிந்து வைத்திருக்கும். தொட்டியில் நாம் அழகாக அடுக்கிய கல்லையும் செடியையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கும். புது இடத்துக்கு மாற்றினால் சில சமயம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். செத்துவிட்டதோ என்று பதறுவோம். பயம் தெளிந்ததும் எழுந்துவிடும். இவ்வளவு குணம் உள்ள மீன் என்பதால்தான் இதன் மேல் எனக்கு இத்தனை அக்கறை.

நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு

“இன்ச்சுக்கு இத்தனை லிட்டர்” என்று மீனின் நீளத்தை வைத்துத் தண்ணீர் கணக்கிடும் பழக்கம் ஒன்று உண்டு. விரலளவு மீன்களுக்கு அது ஓரளவு ஒத்துவரும். பெரிய மீனுக்குச் சுத்தமாக ஒத்துவராது.

ஏனென்றால் மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. நீளம் இரண்டு மடங்காகும்போது உயரமும் தடிமனும் இரண்டு மடங்காகின்றன. இரண்டு, இரண்டு, இரண்டு. பெருக்கினால் எட்டு. 5 செ.மீ. குஞ்சு 30 செ.மீ. ஆனால் நீளம் ஆறு மடங்குதான் கூடியிருக்கிறது. எடையோ ஆறு, ஆறு, ஆறைப் பெருக்கினால் வரும் 216 மடங்குக்குப் பக்கத்தில் போயிருக்கும். மூன்று நாலு கிராம் இருந்த உயிர் முக்கால் கிலோ ஆகிவிட்டது. சாப்பிடுவதும் கழிவதும் மூச்சுவிடுவதும் எடையோடு சேர்ந்து ஏறும், நீளத்தோடு அல்ல. குஞ்சாக இருந்தபோது தாராளமாக இருந்த தொட்டி சில மாதங்களில் போதாமல் போவதற்கு இதுதான் காரணம்.

சிக்கல் இடத்தில் இல்லை

ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்திய ஓர் அறையில் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் நாற்காலி இருக்கிறது, கை காலை நீட்டவும் இடம் இருக்கிறது. முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் புழுங்கும், தலை வலிக்கும். அறையின் நீள அகலம் மாறவில்லை. உள்ளே இருக்கும் காற்றுதான் கெட்டுக்கொண்டே போகிறது. ஒரே ஒருவர் இருந்தால் மெதுவாகக் கெடும், இருபது பேர் இருந்தால் வேகமாகக் கெடும்.

மீன் தொட்டி அப்படிப்பட்ட அறை. “திரும்புவதற்கு இடம் இருக்கிறதே” என்று நாம் கண்ணாடியின் அளவைப் பார்க்கிறோம். மீனுக்கு அதைவிட முக்கியம் அந்தத் தண்ணீரின் நிலை. ஆற்றில் கழிவு ஓடிப்போகும், பெருந்தண்ணீரில் கரைந்து ஒன்றுமில்லாமல் ஆகும். தொட்டியில் மீன் எதை வெளியேற்றினாலும், நாம் எடுக்கும் வரை அது அங்கேயேதான் இருக்கும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: மீன் வளரும்போது கழிவு நீளத்தை விடப் பல மடங்கு வேகத்தில் கூடுகிறது. அந்தக் கழிவுக்குத் தொட்டியிலிருந்து வெளியேற வழி இல்லை. அடுத்து, அந்தக் கழிவு என்ன என்று பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத கழிவு

கழிவு என்றதும் தொட்டியின் அடியில் கிடக்கும் எச்சம்தான் ஞாபகத்துக்கு வரும். அதை உறிஞ்சி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முக்கியமான கழிவு அது இல்லை. மீன் சாப்பிடும் புரதம் உடம்பில் செரிக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா என்பது நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த, தண்ணீரில் எளிதில் கரையும் ஒரு நச்சுப் பொருள். மீன் அதில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. அதாவது மூச்சுவிடும் ஒவ்வொரு கணமும் கழிவு தண்ணீரில் சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை. தொட்டித் தண்ணீரில் இருக்கும் அளவுக்கு வாடையும் தெரியாது. “தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா மீன் செத்துப்போச்சு” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. தெளிவான தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு.

இந்த அம்மோனியாவை உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் கொடியதுதான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் குறைந்த அளவில் பெரிய தீங்கு செய்யாது. தண்ணீர் மாற்றும்போது நாமே அதை வெளியே எடுத்துவிடலாம். அம்மோனியாவில் தொடங்கி நைட்ரேட்டில் முடியும் இந்தத் தொடரைத்தான் நைட்ரஜன் சுழற்சி என்கிறார்கள்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஃபில்டருக்குள் ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும் வைப்பது அவை குடியிருப்பதற்காகத்தான். அழுக்கைப் பிடிப்பது ஃபில்டரின் ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் உள்ள தண்ணீரை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பது.

புதுத் தொட்டியில் இவை இருக்காது. தானாகப் பெருகி ஒரு நிலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீன் விடுவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியா சேர்த்து, பாக்டீரியாவை வளர்த்துத் தயார் செய்வதைச் சைக்கிளிங் என்கிறார்கள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். இன்று தொட்டி, இன்றே மீன் என்று வாங்கி வந்தால் அந்த ஆறு வாரத்தையும் மீன்தான் தன் செவுளால் தாங்க வேண்டியிருக்கும்.

ஒரு கணக்குப் போடலாம்

முக்கால் கிலோ ஆஸ்காருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் பெல்லட் உணவு போடுகிறோம், அதில் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். மீன் பண்ணைகளில் பயன்படும் தோராயக் கணக்குப்படி, அதிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 0.2 கிராம் அம்மோனியா வரும்.

60 லிட்டர் தொட்டியாக இருந்தால் ஒரே நாளில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் சேர்கிறது. 250 லிட்டர் தொட்டியில் 0.8 மில்லிகிராம். ஃபில்டர் நன்றாக வேலை செய்தால் இரண்டிலும் இது உடனுக்குடன் நைட்ரேட்டாக மாறிவிடும். ஆனால் ஃபில்டர் அரை நாள் நின்றுவிட்டால்? சின்னத் தொட்டியில் மீன் அன்றே திணறும். பெரிய தொட்டியில் சரிசெய்ய நமக்கு அவகாசம் இருக்கும். பெரிய தொட்டி தரும் மிகப் பெரிய நன்மை இந்த அவகாசம்தான் என்பது என் கருத்து.

இனி தண்ணீர் மாற்றுவது. அதே 250 லிட்டர் தொட்டியில் அந்த அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டானால் வாரத்துக்கு லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம் கூடும். வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கால் பங்கு மாற்றினால் கால் பங்கு நைட்ரேட்தான் போகும். மீதி முக்கால் அங்கேயே நிற்கும், அதன் மேல் அடுத்த வாரத்து 20 ஏறும். இப்படியே போனால் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் 80-ஐத் தொடும் நிலைக்கு வந்து நிற்கும். பாதித் தண்ணீரை மாற்றினால் அதே கணக்கு 40-இல் நின்றுவிடும். பொதுவாக வளர்ப்பவர்கள் 40-ஐத் தாண்டவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்வார்கள். ஆஸ்கார் வளர்ப்பவர்கள் வாரம் பாதித் தண்ணீர் மாற்றச் சொல்வது வெறும் பழக்கம் இல்லை, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. உணவைக் குறைத்தாலும் இதே பலன் கிடைக்கும். வளர்ந்த ஆஸ்காருக்கு வாரத்தில் ஒரு நாள் உணவு போடாமல் விடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. அது கண்ணாடியில் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

சுருக்கமாக: அம்மோனியாவை ஃபில்டரில் உள்ள பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றி நாம்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் சின்னத் தொட்டியில் மீன் ஏன் சின்னதாகவே இருக்கிறது

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மீனுக்குத் தொட்டியின் அளவை அளந்து பார்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் இல்லை. பெரும்பாலான மீன்கள் பருவத்துக்கு வந்த பிறகும் மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும் இயல்புள்ளவை. கழிவு சேர்ந்த தண்ணீரில், தொடர்ந்த அழுத்தத்தில் வாழும்போது பசி குறையும். சாப்பிட்டதிலும் பெரும்பங்கு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவே செலவாகும். வளர மிச்சம் இருக்காது. அதனால்தான் அது குட்டையாக நிற்கிறது. போஷாக்கு இல்லாத குழந்தை உயரம் குறைந்து போனால் “வீட்டுக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கிறது” என்று யாரும் சொல்ல மாட்டோம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மிகை உண்டு. “வெளியுடம்பு நின்றுவிடும், உள்ளே உறுப்புகள் மட்டும் வளர்ந்துகொண்டே போய் மீன் வெடித்துச் செத்துவிடும்” என்று சொல்வார்கள். அப்படி நடப்பதற்கு ஆதாரம் இல்லை. சின்னத் தொட்டியின் தீமையைச் சொல்ல இப்படி ஒரு கதை தேவையும் இல்லை. நோய் எதிர்ப்புக் குறைவது, ஆயுள் சுருங்குவது, தலையிலும் பக்கவாட்டிலும் குழிகள் விழும் நோய் வருவது என்று நிஜமாகவே நடப்பவை போதும். அந்தக் குழி நோய் ஆஸ்காரில் அடிக்கடி காணப்படுவது. சத்தில்லாத உணவும் கெட்ட தண்ணீரும் அதற்கு வழி செய்பவை என்று வெகுகாலமாக வளர்ப்பவர்கள் கண்டிருக்கிறார்கள்.

“தண்ணீர் மாற்றினால்தான் மீன் சாகிறது”

இந்தப் புகாரைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள். பல மாதம் தண்ணீரைத் தொடவில்லை, மீன் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் பாவம் என்று முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றினார்கள், மறுநாள் மீன் மிதக்கிறது.

நடந்தது இதுதான். பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும் வேலையைச் செய்யச் செய்ய, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தன்மை அடைகிறது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவைத்தான் பி.எச். என்கிறோம். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பி.எச். மிகவும் இறங்கிவிட்டால் பாக்டீரியாவின் வேலையே மந்தமாகிவிடும், அம்மோனியா தேங்கத் தொடங்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அதிகம் தீங்கு செய்யாத அம்மோனியம் என்ற வடிவத்தில் இருக்கும். அதனால் மீன் தாக்குப் பிடிக்கிறது. அந்த நேரத்தில் பி.எச். கூடிய புதுத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால், அம்மோனியம் மறுபடி நச்சு வடிவத்துக்கு மாறிவிடும். பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினாலே நச்சு வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மீனைக் கொன்றது அத்தனை மாதம் தேங்கியிருந்த கழிவு. பழி மட்டும் புதுத் தண்ணீர் மேல் விழுகிறது.

இப்படி வெகுநாள் விட்டுவிட்ட தொட்டி இருந்தால், ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தினம் பத்துப் பதினைந்து சதவீதம் என்று மாற்றி, டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொண்டே ஓரிரு வாரத்தில் நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபில்டரைக் கழுவுவதிலும் இதே போன்ற விபத்து நடக்கிறது. பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருக்கும் ஸ்பாஞ்சைப் பார்த்தால் குழாயடியில் வைத்து வெள்ளையாகும் வரை கசக்கத் தோன்றும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நாம் வளர்த்த பாக்டீரியா அதோடு போயிற்று. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டு அப்படியே திரும்ப வைத்தால் போதும். பழுப்பு நிறம் போகாது, போகவும் வேண்டாம். தொட்டிக்குள் ஊற்றும் புதுத் தண்ணீரிலும் குளோரின் இருக்குமானால் குளோரின் நீக்கி மருந்து சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

சரி, எவ்வளவு பெரிய தொட்டி

ஒரே ஓர் ஆஸ்காருக்கு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 270 லிட்டர், மேலே விடும் இடைவெளி போக 250 லிட்டர் நிற்கும். நீளத்தைப் போலவே முன்பின் அகலமும் முக்கியம். 35 செ.மீ. மீன் 30 செ.மீ. அகலத் தொட்டியில் உடம்பை மடக்கித்தான் திரும்ப முடியும். அகலம் 60 செ.மீ. கிடைத்தால் இன்னும் நல்லது. உயரமான, ஒல்லியான தொட்டி பார்க்க அழகாக இருந்தாலும் ஆக்சிஜன் விஷயத்தில் பலவீனமானது. ஆக்சிஜன் உள்ளே வருவது தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் தங்குவதும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் காலத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஏர் பம்ப்பைக் கூட்டி, மேற்பரப்பைக் கலக்கிவிடுங்கள்.

தண்ணீரின் எடையும் கவனத்தில் இருக்கட்டும். கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் இந்தத் தொட்டி 300 கிலோவைத் தாண்டும்.

ஃபில்டர் என்றால் வெளியே வைக்கும் கேனிஸ்டரோ, கீழே தனித் தொட்டி வைத்து ஓட்டும் சம்ப்போதான் இந்த மீனுக்குத் தாங்கும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி. ஹீட்டர் தேவைப்பட்டால் உறை போட்டது வாங்குங்கள், ஆஸ்கார் வெறும் கண்ணாடி ஹீட்டரை முட்டி உடைத்துவிடும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். உணவுக்கு நல்ல பெல்லட் போதும். உயிருள்ள தங்கமீனைப் போடும் வழக்கம் வேண்டாம், நோய் வரும் வழி அது. அதோடு தங்கமீனில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் ஒன்றும் இருக்கிறது.

ஆஸ்காரையும் மிஞ்சும் மீன்கள்

ஆஸ்காராவது வீட்டுக்குள் அடங்கும் மீன். இதே விரலளவில் விற்கப்படும் வேறு சில அடங்கவே அடங்காது. சில்வர் அரோவனா 90 செ.மீ. வரை போகும். சிவப்பு வால் கெளுத்தி ஒரு மீட்டரைத் தாண்டும். ஆற்றுச் சுறா என்ற பெயரில் வரும் பங்கேசியஸும் அப்படியே. அரபைமா இரண்டு மீட்டருக்கு மேல். “பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம்” என்று இவற்றை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்போது இவற்றை வாங்கிக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். பொதுக் காட்சியகங்களிலும் இப்படிக் கைவிடப்பட்ட மீன்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன.

ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவது எந்த நிலையிலும் தீர்வு இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தப்பியும் விடப்பட்டும் போன ஆஸ்கார்கள் அங்கேயே பெருகி, இன்று தூண்டிலில் சாதாரணமாகப் பிடிபடும் மீனாகிவிட்டன. அவை தின்னும் உணவும் முட்டையிடும் இடமும் அந்தந்த நீரின் சொந்த மீன்களுக்கு உரியவை.

கையில் இருக்கும் மீனுக்குத் தொட்டி போதவில்லை என்றால், பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். அவர் கிடைக்கும் வரை உணவைக் குறைத்து, வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றிவந்தால் அதை இரண்டு முறையாக்குங்கள். கொடுக்கும்போது மீனின் இப்போதைய நீளம், எந்த பி.எச்.-இல் இருந்தது, என்ன உணவுக்குப் பழகியிருக்கிறது ஆகிய மூன்றையும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் உங்கள் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தபடியே கூடக் கொடுத்தனுப்புங்கள். அவருடைய ஃபில்டரில் அதைச் சேர்த்தால், புதிதாக வரும் கழிவைக் கையாளப் பாக்டீரியா முதல் நாளே தயாராக இருக்கும்.